அமைதியும் மெல்லொலியும்

(நமது சங்கத்தின் மயிலாப்பூர்க் கிளை மாதாந்தரக் கூட்டத்தில், அங்கத்தினராகிய தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் ஏறியவுடன் யான் செய்த முதற்காரியம், என் முன்னே வைக்கப்பெற்றிருந்த ஒலிபெருக்கியை நிறுத்திவிடுமாறு நம் காரியதரிசி அவர்களை வேண்டிக்கொண்டதேயாகும். அவர்கள் சிறிது திகைத்தார்கள், பின்னர் இணங்கினார்கள். பின்வரிசையில் இருந்த அன்பர்கள் எழுந்து வந்து நெருங்கி அமர்ந்தீர்கள். இதனால் விளைந்த நன்மையை இப்பொழுதே காண்கின்றேன். யான் உரக்கப் பேசவில்லை. ஆயினும் நீங்கள் உற்றுக் கேட்கின்றீர்கள். பேசுவோன் குரல் தாழுந்தோறும் கேட்போர் செவி கூர்மையுறும் என்பது இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் யான் கண்டறிந்த உண்மை.

முன்னர் இச்சபையில் திருக்குறளைப்பற்றியும் சிலப்பதிகாரத்தைப்பற்றியும் பேசியிருக்கின்றேன். இம்முறை காரியதரிசி அவர்கள் பொருள் யாது என வினவியபொழுது, "அமைதியும் மெல்லொலியும்" என்றேன். பேசுதற்கு அழைக்கப்பெற்றவன் பேசாமையைப்பற்றிப் பேசுதல் நகைப்பிற்கு இடமாகலாம். ஆயினும் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குத் தக்க காரணம் உண்டு. அஃது என் வாழ்வைச் சார்ந்தது; நம் சங்கத்தையும் ஒருவாறு சார்ந்தது. அதனைப் பின்னர்க் கூறுவேன். முதற்கண் அமைதி என்பது யாது என ஆராய்வோம்.

அமைதி என்றால் ஒலியின்மை என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. ஒலியே அற்ற இடம் உலகில் இயல்பாக இல்லை. ஒலி புகாதவாறு அமைத்த அறையினுள் ஒருவனை இருத்தினும், அவன் தன் மூச்சையும் நாடித்துடிப்பையும் கேட்கத் தொடங்குவான். ஆகவே, பேரொலி அடங்க, சிற்றொலிகள் தத்தம் இடத்திற் கேட்கப்பெறும் நிலையே அமைதியாகும். அமைதி என்னும் சொல்லும் அமைதல் என்பதனடியாகப் பிறந்ததன்றோ? ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் தனக்குரிய அளவில் பொருந்தி நிற்பதே அமைதி என்க.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். குறுந்தொகையின் 6ஆம் பாட்டில் பதுமனார் என்னும் புலவர், உலகெல்லாம் உறங்கத் தான் ஒருத்தியே உறங்காதிருக்கும் தலைவியைக் காட்டுகின்றார். அங்கே நடுயாமத்தைக் குறிக்க 'நள்' என்னும் ஒலிக்குறிப்பு வருகின்றது. மக்கள் பேச்சு அவிந்தபின் இரவு தானே ஒலிப்பதுபோலத் தோன்றும் அவ்வோசைக்கும் தமிழர் ஒரு பெயர் வைத்தனர்! அந்நூலின் 138ஆம் பாட்டில் கொல்லன் அழிசி என்னும் புலவர் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றார். ஊரார் துயின்றுவிட்டனர், தலைவியும் தோழியும் தலைவன் வரவை எதிர்நோக்கித் துயிலாது கிடக்கின்றனர். வீட்டின் பக்கத்தே நொச்சிமரம் ஒன்று நிற்கின்றது. அதன் மெல்லிய கிளையினின்று நீலநிறப் பூக்கள் உதிர்கின்றன. அப்பூக்கள் வீழும் ஓசையை இரவெல்லாம் கேட்டிருந்ததாகத் தோழி கூறுகின்றாள். அன்பர்களே! ஒரு நொச்சிப்பூவின் நிறைதான் எவ்வளவு? அது நிலத்தில் வீழும் ஓசைதான் எத்துணை? அதனைக் கேட்கும் செவியும் இருந்தது. கேட்கவிடும் ஊரும் இருந்தது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1937ஆம் ஆண்டில் விரிந்த உரையுடன் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பில் இப்பாட்டை யான் முதன்முதல் படித்தது மாணாக்கப் பருவத்தில். அன்று அதன் பொருளை அறிந்தேன். அதன் அருமையை அறிந்தது அண்மையிலேதான்.

இவ்விரண்டினும் உயர்ந்ததாக யான் கருதுவது அகநானூற்றின் 4ஆம் பாட்டு. அதனைப் பாடியவர் குறுங்குடி மருதனார். கார்காலம் வந்துவிட்டது, வினைமேற் சென்ற தலைவன் இன்னும் வரவில்லை. வருந்தும் தலைவியைத் தோழி தேற்றுகின்றாள். அவன் தேரில் வருவான் என்கின்றாள். அத்தேர் எத்தகையது? வழியிலுள்ள பூஞ்சோலையில் வண்டுகள் தம் துணையோடு தேனுண்டு தங்கியிருக்கும். தேரின் மணியொலி கேட்டு அவை கலங்குமே என்று அஞ்சி, மணிகளின் நாவை ஒலியாதவாறு கட்டிவிட்டு வரும் தேர் அது! தலைவன் விரைந்து செல்லவேண்டியவன். வினையை முடித்து வெற்றியோடு மீள்பவன். ஊர் அறிய மணி முழக்கி வருதற்கு அவனுக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆயினும் ஒரு வண்டின் பொருட்டு அவ்வுரிமையை அவன் விட்டுக்கொடுத்தான். இந்தக் கட்டிய மணிநாவை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன். என் பேச்சின் முடிவில் மீண்டும் இதற்கு வருவேன்.

இலக்கியத்தை விட்டு இலக்கணத்திற்கு வரினும் இதே செவிநுட்பத்தைக் காணலாம். கண்ணிமைத்தற்கும் கைந்நொடித்தற்கும் ஆகும் சிறுபொழுதை நம் இலக்கணிகள் ஒரு மாத்திரை என்றனர். குற்றெழுத்திற்கு மாத்திரை ஒன்று, நெட்டெழுத்திற்கு இரண்டு, மெய்யெழுத்திற்கு அரை. இவ்வளவில் அவர்கள் நிற்கவில்லை. 'பசு' என்பதன் ஈற்றிலுள்ள உகரம் ஒரு மாத்திரை ஒலிக்கின்றது. 'காசு' என்பதன் ஈற்றிலுள்ள உகரமோ அரைமாத்திரையாய்த் தேய்கின்றது. அதுவே குற்றியலுகரம் என வேறுபடுத்தினர். மகரக்குறுக்கத்திற்குக் கால் மாத்திரை என்றனர். இமைப்பொழுதில் நான்கில் ஒரு பங்கு! கருவி ஏதுமின்றிச் செவியொன்றையே துணையாகக்கொண்டு இதனை அளந்தவர்கள், எத்தகைய அமைதியிடையே வாழ்ந்திருத்தல் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

நிற்க. அக்காலம் போயிற்று, இக்காலத்துச் சென்னையில் அமைதிக்கு எங்கே செல்வது என்று சிலர் வினவக்கூடும். நாம் வாழும் இப்பகுதியிலேயே அஃது உண்டு. நாம் நாடிச் செல்வதில்லை.

இம்மயிலாப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை நாலரை மணிக்குக் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளில் நடந்து பார்த்ததுண்டா? வாசலில் நீர் தெளிக்கும் ஓசை. துடைப்பம் தரையை வருடும் ஓசை. பூக்கட்டும் அம்மையார் ஈரத்துணியை உதறும் ஓசை. தெப்பக்குளத்துப் படிகளில் புறாக்கள் குமுறும் ஓசை. பின்னர்க் கோயில் மணி. ஒன்று முடிந்தபின் மற்றொன்று, வரிசையில் நின்று பேசுவாரைப்போல. ஏழு மணியாயிற்றோ, எல்லாம் ஒருங்கே கூவத் தொடங்கிவிடும், எதுவும் கேளாது.

தியாகராயநகர் இன்று வாணிகப் பேரிரைச்சலுக்குப் பெயர் பெற்றது. ரங்கநாதன் தெருவில் இருவர் பேசிக்கொண்டு நடத்தல் அரிது. ஆயின் நூறாண்டுகளுக்கு முன் அவ்விடத்தின் பெரும்பகுதி நீண்ட ஏரியாக இருந்தது. 1920-களில் அவ்வேரியை வடித்து மனை வகுத்து நகர் அமைத்தனர், சர் பி. தியாகராய செட்டியார் (1852–1925) பெயரை அதற்கு இட்டனர். 2015ஆம் ஆண்டு பெருமழையின்போது மாம்பலத்தில் என் தமக்கையார் இல்லத்தில் தங்கியிருந்தேன். மின்சாரம் நின்றது, வண்டிகள் நின்றன. அன்றிரவு தெருவெங்கும் தவளைகள் கத்தக் கேட்டேன். துன்பமான இரவேயாயினும், ஏரி தன் பழைய குரலை மறக்கவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

அடையாற்றிற்கு வருவோம். பிரம்மஞான சபையார் 1882ஆம் ஆண்டில் தம் தலைமையிடத்தை அங்கே அமைத்தனர். ஆறு கடலொடு கலக்கும் இடத்தை அடுத்துள்ள அத்தோட்டத்தில் புகழ்பெற்ற ஆலமரம் ஒன்று உண்டு. அதன் தாய்மரம் 1989ஆம் ஆண்டுப் புயலில் வீழ்ந்துவிட்டது. விழுதுகளோ வேரூன்றி மரங்களாகி இன்றும் பரந்து நிற்கின்றன. பார்வையாளரை அனுமதிக்கும் நேரத்தில் ஒருமுறை அங்கே சென்று நில்லுங்கள். வெளியே சாலை இரைகின்றது. உள்ளே சில நூறு அடி நடந்தவுடன் அவ்விரைச்சல் தேய்கின்றது. காய்ந்த ஆலிலை ஒன்று கிளைகளில் தட்டித் தட்டி இறங்கும் ஓசை கேட்கின்றது. கல்லால மரத்தின்கீழ் இறைவன் தென்முகக் கடவுளாய் அமர்ந்து பேசாமையாலேயே முனிவர் நால்வர்க்கும் ஐயம் தீர்த்தான் என்னும் புராணச் செய்தியும், தாயுமானவர் தம் ஆசிரியரை மௌனகுரு என்றே போற்றினார் என்பதும் அவ்விடத்தில் நினைவிற்கு வரும். பேசாமையும் ஒரு போதனை என்பதை அம்மரநிழலில் ஒருவாறு உணரலாம்.

பெசன்ட் நகரில் 1943ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற உ. வே. சா. நூல்நிலையம் இருக்கின்றது. ஐயரவர்கள் ஊர்ஊராய் அலைந்து திரட்டிய ஏட்டுச்சுவடிகள் அங்கே உள. பழைய பனையோலை ஒன்றைப் புரட்டும் ஓசை, காகிதத்தின் ஓசை போன்றதன்று. சற்றே கனத்து, உலர்ந்து, ஏதோ சொல்ல வாயெடுப்பது போன்றிருக்கும். அதனை அடுத்த கடற்கரையில் தைமுதல் பங்குனிவரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 1988ஆம் ஆண்டு முதல் மாணவர்களும் இளைஞர்களும் கூடி, நள்ளிரவில் நீலாங்கரையினின்று கரையோரமாக நடந்து அம்முட்டைகளைக் காத்துவருகின்றனர். ஓர் இரவு அவர்களோடு யானும் நடந்தேன். உரத்த பேச்சும் கூடாது, கைவிளக்கும் கூடாது. முட்டையிட்டு முடித்த தாயாமை, குழியை மணலால் மூடி, தன் உடலாலேயே அதனைத் தட்டித் தட்டி இறுக்கியது. இருளில் அம்மெல்லிய 'தொப், தொப்' என்னும் ஓசையை நாங்கள் பத்துப்பேர் மூச்சடக்கிக் கேட்டுநின்றோம். பிள்ளையைத் தட்டி உறங்கவைக்கும் தாயின் கையோசை அன்றி வேறொன்றும் எனக்கு நினைவிற்கு வரவில்லை.

இத்தகைய ஓசைகள் மனத்திற்கு ஆறுதல் தருவது எதனால்? மழை, அலை, ஆலிலை, விசிறி, தயிர்மத்து: இவற்றின் ஓசை ஒரே சீராக வருகின்றது. எதிர்பாராத ஒலி எழுந்தால் உடல் திடுக்கிட்டுத் தற்காப்பிற்கு ஆயத்தமாகின்றது, நாடி விரைகின்றது. சீரான மெல்லொலியோ, 'அஞ்சத்தக்கது ஒன்றும் இல்லை' என்று நெஞ்சிற்கு ஓயாது சொல்லிக்கொண்டிருக்கின்றது. கருவிலுள்ள குழவி ஏறத்தாழ ஆறாம் திங்களிலிருந்தே தாயின் நெஞ்சத்துடிப்பைக் கேட்கின்றது என்பர் மருத்துவர். பிறந்தபின் அதற்குத் தாலாட்டு. 'தால்' என்பது நா. நாவை ஆட்டி எழுப்பும் மெல்லொலியே தாலாட்டு. பொருள் விளங்காத பருவத்தில் நாம் கேட்ட முதல் இசை அதுவே.

இசையிலும் மெல்லொலிக்கே தலைமை. தம்புராவைக் கவனித்திருப்பீர்கள். அதன் குதிரையின்மேல் தந்திக்குக் கீழே சிறு பஞ்சுநூல் ஒன்றைச் செருகுவர். அந்நூல் தக்க இடத்தில் அமைந்தாலன்றித் தந்தியில் ரீங்காரம் எழாது. அந்நூலுக்கு ஜீவா என்று பெயர். உயிர் என்பது பொருள். ஒரு நூலிழைதான் சுருதிக்கு உயிர்! வீணை தனம்மாள் (1867–1938) அவர்கள் சென்னை ஜார்ஜ் டவுனில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் வீணை வாசித்தார்கள். பெரும் வித்துவான்களும் இரசிகர்களும் அச்சிறு கூடத்தில் வந்து அமர்வர். ஒலிபெருக்கி இல்லை. வீணையின் நாதமோ மிக மெல்லியது. ஆகவே கேட்போர் அசைவின்றி இருந்தனர். அவர்களுடைய மௌனமே அவ்வீணைக்கு ஒலிபெருக்கியாயிற்று.

இனி என் சொந்தச் செய்திக்கு வருகின்றேன்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் முதல் கொள்ளைநோயின் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு ஏற்பட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். ஒருநாள் இரவு எங்கள் வீட்டு மெத்தையின்மேல் படுத்திருந்தேன். இடைவிடாத ஓர் இரைச்சல் கேட்டது. யாது என்று விளங்காமல் என் தாயாரை அழைத்தேன். அவர்கள் கேட்டுவிட்டு, "இது கடலப்பா. நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் தினமும் கேட்பேன்" என்றார்கள். நாற்பதாண்டுகளுக்கு மேலாகக் கடலுக்கு அருகே வாழ்ந்தும் அதன் குரலை வீட்டிலிருந்து அன்றுதான் கேட்டேன். ஆயினும் அவ்வமைதியை யான் போற்றமாட்டேன். இடையிடையே நோயாளர் ஊர்தியின் ஓலம் அதனைக் கிழித்துச் சென்றது. அஃது அச்சத்தால் வந்த அமைதி. அன்பினால் வரவேண்டிய அமைதி வேறு.

2022ஆம் ஆண்டில் நம் கிளையின் ஆண்டுவிழா மீண்டும் நடைபெற்றது. ஈராண்டு கூடாதிருந்து கூடியதால் எல்லோர்க்கும் உவகை மிகுதி. தெருவின் இரு முனையிலும் ஒலிபெருக்கிகள் கட்டப்பெற்றன. அவற்றை ஏற்பாடு செய்த மூவருள் யானும் ஒருவன். இரவு பத்து மணிக்கு மேல், எதிர்வீட்டினின்று ஓர் அம்மையார் வந்தார்கள். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார்கள். "ஒருநாள்தானே அம்மா, சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். சொன்னவன் யானே, பிறர்மேல் பழி சொல்லமாட்டேன். அவர்கள் மறுமொழி கூறவில்லை, திரும்பிச் சென்றார்கள். எங்கள் பாட்டு பன்னிரண்டு மணிவரை நடந்தது. மேடையில் அன்று இன்னுயிர் ஓம்பலைப்பற்றிச் சொற்பொழிவு ஆற்றியவனும் யானே என்பதை வெட்கத்துடன் தெரிவித்துக்கொள்கின்றேன்.

அதற்கு மறு ஆண்டு என் தமக்கையார் மகனுக்குத் திருமணம். மாப்பிள்ளை அழைப்பின்போது தாய்மாமன் என்ற முறையில் மணமகன் பக்கத்திலேயே நடந்தேன். முன்னே ஒரு வண்டியில் ஆளுயர ஒலிபெருக்கிகள். மண்டபத்தை அடைய இரண்டு மணிநேரம் ஆயிற்று. நெஞ்செலும்பு அதிர்ந்தது. விலகி நடந்தால் தமக்கையார் மனம் வருந்துவார்களே என்று நடந்தேன். அன்றிரவு படுத்தபொழுது இடக்காதில் சில்வண்டு கத்துவது போன்ற ஓசை. விடிந்தால் நின்றுவிடும் என்று எண்ணினேன். அது நிற்கவில்லை. இன்றும், இப்பொழுதும், இம்மேடையில் நிற்கும்பொழுதும், அது கத்திக்கொண்டே இருக்கின்றது.

மருத்துவர் சோதித்துக் கூறியதைச் சுருக்கிச் சொல்கின்றேன். உட்செவியில் நத்தைக்கூடு போன்ற உறுப்பு ஒன்று உண்டு. அதனுள் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிரணுக்கள் உள. ஒலியை மூளைக்கு உணர்த்துவன அவையே. பேரொலியால் அவை அழிந்தால் மனிதர்க்கு மீண்டும் முளைப்பதில்லை. தலைமயிர் உதிர்ந்தாலும் ஒருகால் வளரும், இம்மயிர் வளராது. ஒலியை அளக்கும் டெசிபெல் என்னும் அலகும் சாமானியமான ஏணியன்று. 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும், 20 கூடினால் நூறு மடங்காகும். 85 டெசிபெல் ஒலியில் ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு 8 மணிநேரம் இருக்கலாம். 3 கூடுந்தோறும் அந்நேரம் பாதியாகும் என்று அமெரிக்க நாட்டுத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தார் அளவு வகுத்துள்ளனர். அக்கணக்கின்படி 100 டெசிபெல் ஒலியில் கால் மணிநேரமே நிற்கத்தகும். யான் நின்றது இரண்டு மணிநேரம்.

இக்குறை எனக்கு முழுவதும் விளங்கியது வகுப்பறையில். ஒன்பதாம் வகுப்பில் குற்றியலுகரம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு மாணவனை எழுப்பி, 'காசு' என்பதை ஒலித்துக்காட்டு என்றேன். அவன் ஒலித்தான். எனக்குக் 'கா' மட்டுமே கேட்டது. "ஈற்றெழுத்தை விழுங்காதே, மறுபடி சொல்" என்றேன். சொன்னான். மூன்றாம் முறையும் அதட்டினேன். அவன் கண்கலங்கி, "சரியாத்தான் சொல்றேன் ஐயா" என்றான். பக்கத்திலிருந்த மாணவரும், "சரியாத்தான் சொல்றான் ஐயா" என்றனர். அன்பர்களே! குறை அவன் நாவில் இல்லை. என் செவியில் இருந்தது. கால் மாத்திரையை அளந்த இலக்கணிகளின் வழியில் வந்தவன் என்று பெருமை பேசிய யான், ஒரு குழந்தையின் அரைமாத்திரையைக் கேளாதவன் ஆனேன். அம்மாணவனிடம் அங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இன்று எனக்கு முழு அமைதி என்பது இல்லை. எல்லோரும் உறங்கும் நள்ளிரவே எனக்கு இரைச்சல் மிகுந்த நேரம். அப்பொழுது மெல்லொலிகளே என்னைக் காக்கின்றன. மருத்துவரும் அதனையே உபாயமாகக் கூறினார். மின்விசிறியின் சீரான ஓசை, சிறு தம்புரா ஓசை, மழை பெய்தால் மழை: இவற்றைத் தாழ்ந்த அளவில் கேட்டிருந்தால் சில்வண்டு சற்றே பின்வாங்குகின்றது. வலக்காதைக் கொண்டு கடலைத் தேடிப் பெசன்ட் நகர் செல்வேன். இழந்தவன் ஆதலால் சொல்கின்றேன், உடையவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். செல்வம் போனால் ஈட்டலாம். போன செவியை ஈட்ட முடியாது.

எதிர்வீட்டு அம்மையாரின் வேண்டுகோள் யாது என்பதும் இப்பொழுதுதான் எனக்கு விளங்குகின்றது. அவர்கள் நம் விழாவை நிறுத்தச் சொல்லவில்லை. மணிநாவைச் சிறிது கட்டச் சொன்னார்கள். வண்டின்பொருட்டுத் தேர்மணியைக் கட்டியவன் பாட்டை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் யான், நோயுற்ற முதியவரின்பொருட்டு அதனைச் செய்திலேன். சென்ற திங்கள் அவ்வீட்டிற்குச் சென்று அம்மையாரிடமும் அவர்கள் தந்தையாரிடமும் வருத்தம் தெரிவித்துக்கொண்டேன். முதியவர் சிரித்து, "அதெல்லாம் மறந்துபோச்சு, உட்காருங்கள்" என்றார். மறவாதவன் யான் ஒருவனே.

சட்டமும் இதனை வற்புறுத்துகின்றது. 2000ஆம் ஆண்டில் இந்திய அரசினர் வகுத்த ஒலிமாசு விதிகளின்படி இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை இரவுக்காலம். குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45 டெசிபெலே எல்லை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் தொலைவை அமைதி வட்டாரமாக அறிவிக்கலாம். 2005ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தார், பேசும் உரிமை ஒருவனுக்கு உண்டெனினும், கேட்க விரும்பாதவனை ஒலிபெருக்கியால் கட்டாயப்படுத்திக் கேட்பிக்கும் உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தனர். ஆயினும் சட்டத்திற்கு அஞ்சிச் செய்வதினும், அயலார்க்கு இரங்கிச் செய்வதே நமக்கு அழகு.

சிலர் கூறுவர்: "எல்லோரும் செய்கின்றனர், நாம் மட்டும் அடங்கியிருந்தால் நம் குலத்தவரை எவர் மதிப்பர்?" ஐயன்மீர்! ஒரு குலத்தின் பெருமை ஒலிபெருக்கியின் எண்ணிக்கையில் இல்லை. 'அவர்கள் வீட்டுக் கலியாணம் நடந்தது. தெருவில் ஒரு குழந்தையும் உறக்கம் கெடவில்லை' என்று அயலார் சொல்வார்களாயின், அதனினும் பெரிய பெருமை யாதுளது? நாகசுவரமும் தவிலும் தாமே வானளாவ ஒலிக்கும் மங்கல வாத்தியங்கள்; அவற்றிற்கு ஒலிபெருக்கி எதற்கு?

ஆகவே மூன்று வேண்டுகோள்களை இச்சபையின்முன் வைக்கின்றேன். முதலாவது, நம் சங்க விழாக்களிலும் நம்மவர் இல்லத் திருமணங்களிலும் தெருவில் ஒலிபெருக்கி கட்டுவதில்லை என்றும், மண்டபத்தினுள்ளும் இரவு 10 மணிக்குமேல் அதனை இயக்குவதில்லை என்றும் வரும் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றுதல் வேண்டும். இரண்டாவது, விழாவிற்கு முன்னாள் நம் இளைஞர் இருவர் தெருவிலுள்ள வீடுதோறும் சென்று, நோயாளர் உளரோ, தேர்வெழுதும் பிள்ளைகள் உளரோ, கைக்குழந்தை உளதோ என்று கேட்டு வருதல் வேண்டும். மூன்றாவது, நம் மாணவர் விடுதியில் நாள்தோறும் மாலை அரைமணிநேரம் கைப்பேசியும் பேச்சும் இன்றி அமைதி காத்தல் வேண்டும். படித்தாலும் சரி, சாளரத்தருகே வெறுமனே அமர்ந்திருந்தாலும் சரி. கேட்கப் பழகாத பிள்ளைகளுக்குப் பேசவும் நன்கு வராது. இவற்றை ஏற்பதும் மாற்றுவதும் சபையோர் விருப்பம்.

இதுகாறும் ஒலிபெருக்கியின் துணையின்றிப் பேசிய என் குரலுக்குச் செவிசாய்த்தீர்கள். முடிவாக ஒரு விண்ணப்பம். யான் அமர்ந்தபின் கைதட்டாதிருங்கள். ஒரு நிமிடம் யாவரும் வாளா இருப்போம். வெளியே வேம்பு அசைகின்றது. கோயிலில் மாலைப்பூசைக்கு மணி அடிக்கும் நேரம். என் செவிக்கு எட்டாத சிறு ஓசைகள் இன்னும் பல இருக்கும். அவற்றை நீங்கள் கேட்டு எனக்குச் சொல்லுங்கள்.